மெர்வ் சொல்லாமல் விட்ட பதில்

என் கணவன் மெர்வ் ஸ்டாக்டேல் நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக நீங்கள் வேறு மாதிரி நினைக்கப் பார்ப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு. ஆனால் அவனைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்ட வேண்டும். வரிசையில் நான்தான் முன்னால் நிற்கிறேன்.

அவன் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. இறுதிச் சடங்கில் ஊரே வந்து, "நாய்களை அவனைப் போல யார் பார்த்துக்கொண்டார்கள்" என்று ஆளுக்கு ஆள் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள். அது அழுகை இல்லை.

மெர்வ் எங்கள் ஊர் பெல்லரூவில் பிறந்தான், பெல்லரூவிலேயே கிடந்தான். கோதுமைக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் வேலை. அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு வந்தால் புருவம் வரைக்கும் தூசி. குளிக்கப் போக மாட்டான். நேரே கொட்டகைக்குப் போவான். அங்கே நான்கு கிரேஹவுண்டு பந்தய நாய்கள் வாலால் கதவை அடித்துக்கொண்டிருக்கும். அவற்றின் தொடையைத் தைலம் போட்டு நீவிவிட்டு, பல் பார்த்து, நகம் பார்த்து, அப்புறம்தான் பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பது ஞாபகம் வரும். குளிர்காலத்தில் நாய்களுக்குப் போர்த்தும் சட்டைகளை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுச் சூடு பண்ணுவான். என் இரவு அங்கியை ஒரு நாள், ஒரே ஒரு நாள் சூடு பண்ணிக் கொடுத்திருப்பானா? கேட்டால், "நீ கம்பளிக்குள்ள படுக்கற, அதுங்க வைக்கோல்ல படுக்குதுங்க"ன்னு பதில் வரும்.

கை நீட்டி ஒரு நாயை அடித்தவன் இல்லை. அவன் அப்பா ஆர்ச்சி அடிப்பார். நாய்ப் பந்தயத்தில் ஆர்ச்சி பெரிய கை. எங்கள் ஊர் பந்தயக் கிளப்பின் கூடத்தில் ஒரு மரப்பலகை இருக்கிறது. வருஷா வருஷம் பெல்லரூ கோப்பை ஜெயித்த நாயின் பெயரும் பழக்கியவரின் பெயரும் அதில் தங்க எழுத்தில் ஏறும். ஆர்ச்சி ஸ்டாக்டேல் என்ற பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. மெர்வ் இருபத்தாறு வருஷம் நாய் ஓட்டியும் ஒரு எழுத்துகூட ஏறவில்லை. பந்தய நாளில் அவன் அந்தப் பலகைக்குக் கீழே பீர் வாங்க நின்றால் யாராவது ஒருத்தன் ஆரம்பிப்பான்.

"என்ன மெர்வ், உங்கப்பா பேர்ல தூசி தட்டிட்டுப் போலாம்னு வந்தியா?"

மெர்வ் சிரிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம், வாயும் கொஞ்சம் நீளம். அந்தக் கோபம்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதைப் புருஷன் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாஃபி எங்கள் கொட்டகையில் பிறந்தவன். காகிதத்தில் அவனுக்கு வேறு நீளமான பந்தயப் பெயர் உண்டு. வீட்டில் டாஃபி. டாஃபி மிட்டாயின் நிறத்தில் கோடு கோடாக உடம்பு, நெஞ்சில் மட்டும் கையளவு வெள்ளை. பழக்குவதற்காகத் தனியாக ஓடவிட்டால் எங்கள் பக்கத்தில் அவனைப் போல ஓடிய நாய் இல்லை. கூட ஏழு நாய்களை விட்டால் வந்தது வினை. ஓடுபாதையின் நேர்ப்பகுதிக்கு வந்ததும் கழுத்தைத் திருப்பிப் பக்கத்து நாயின் காதோரம், கடிக்காமலிருக்க வாயில் மாட்டிய வாய்க்கூட்டை உரசி, "என்ன, விளையாடலாமா?" என்பது போல ஓடுவான். நாய்கள் துரத்துவதற்கென்று முன்னால் ஓடவிடுகிற பொம்மை முயல் எங்கே போனால் அவனுக்கென்ன!

துரத்தாமல் ஓடுகிற நாயை அதிகாரிகள் சும்மா விடமாட்டார்கள். முதல் தடவை இருபத்தெட்டு நாள் தடை. இரண்டாவது தடவை மூன்று மாதம். மூன்றாவது என்றால் ஒரு வருஷம், அதோடு அந்த நாயின் பந்தய வாழ்க்கை முடிந்தது. டாஃபி இரண்டும் வாங்கிவிட்டான். மூன்றாவதும் வாங்கியிருந்தால் இரண்டரை வயதிலேயே ஏதாவது ஒரு வீட்டில் சோபா மேல் ஏறி மல்லாந்து படுத்திருப்பான். இதைத்தான் நான் விடிந்ததும் நினைக்கிறேன், தட்டு கழுவும்போதும் நினைக்கிறேன்.

என் கோழிகள் அவன் முதுகு மேல் ஏறி நடக்கும். வெயிலில் படுத்துக்கிடப்பான். ஒரு பழுப்புக் கோழி அவன் விலாவில் ஏறி நின்று இறகு கோதும். அவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வான்.

மூன்று மாதத் தடை முடியும் சமயம். நோலீன் என்ற என் பெயரை மெர்வ் நோல் என்றுதான் கூப்பிடுவான். மத்தியானச் சாப்பாட்டில் சொன்னான்: "அவனுக்கு ஓடத்தான் புடிக்குது நோல். துரத்தப் புடிக்கல. விட்டுரலாம்னு பாக்கறேன்."

"விட்டுரு. எல்லாத்தையும் விட்டுரு," என்றேன். "உன் வாழ்க்கைல ஒரு தடவ வந்த நாய் இது. அதையும் விட்டுட்டு, அந்தப் பலகைக்குக் கீழ நின்னு அவனுங்க பேசறதுக்கெல்லாம் இளிச்சிட்டு நில்லு."

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"மத்தவனுங்க என்ன பண்றானுங்களோ அதப் பண்ணு. கோல் வீட்ல போய் டீ குடி."

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. கோல் பிராட்டன் வாழ்நாளில் டீ குடித்தவன் இல்லை, வீட்டில் கெட்டில்கூடக் கிடையாது. அவன் நிலத்தில் பைன் மரங்களுக்குப் பின்னால், ரோட்டிலிருந்து தெரியாத இடத்தில், ஒரு வட்டமான அடைப்பு இருந்தது. நடுவில் சுற்றுகிற ஒரு நீளக் கம்பு. கம்பின் நுனியில் பொம்மைக்குப் பதில் உயிரோடு ஒன்றைக் கட்டிச் சுற்றவிடுவார்கள், நாய் துரத்திப் பிடிக்கும் வரை. சட்டப்படி அதற்குச் சிறை உண்டு. ஆயுசுக்கும் நாய் வைத்துக்கொள்ள முடியாது, ஜெயித்த கோப்பையையும் பிடுங்கிக்கொள்வார்கள். டி.வி.யில் ஒரு தடவை இந்த விவகாரம் வெடித்து நாடே காறித் துப்பிய பிறகும், எங்கள் பக்கத்தில் சிலபேர் கோல் வீட்டுக்கு டீ குடிக்கப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை மெர்வ் டாஃபியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நான்கு மணிக்குத் திரும்பி வந்தான். நேரே தோட்டத்துக் குழாய்க்குப் போய்க் கை கழுவினான். கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். டாஃபி என்னிடம் ஓடிவந்து காலில் சாய்ந்தான். இந்த நாய்கள் அப்படித்தான், உடம்பு முழுப் பாரத்தையும் நம் மேல் போட்டுச் சாய்ந்து நிற்கும். அவன் நெஞ்சிலிருந்த வெள்ளை இளஞ்சிவப்பாக இருந்தது.

"என்னது அது?" என்றேன்.

"முயல்."

"உசிரோடயா?"

அவன் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கத்தியிருக்க வேண்டும். எதற்கெல்லாமோ கத்துகிறவள், அன்றைக்குப் பழைய துண்டு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, அந்த வெள்ளையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, "சரி, சாப்பிட வா," என்றேன்.

அவன் சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த வியாழனும் போனான். அதற்கு அடுத்த வியாழனும் போனான். மூன்று தடவை. அதற்கு மேல் தேவைப்படவில்லை.

டாஃபி அதற்கப்புறம் ஒரு நாயையும் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தயம் தொடங்கும் பெட்டி திறந்தால் அம்பு மாதிரி. ஐந்து பந்தயம் ஜெயித்தான். ஆறாவது பெல்லரூ கோப்பை. கடைசி வளைவில் மூன்று உடல் நீளம் முன்னால் வந்தான். நான் தடுப்புக் கம்பியில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினேன். மெர்வ் கோப்பையை வாங்கும்போது அழுதான். நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான் அழுதேன், மறைக்க மாட்டேன். அந்த வாரமே பலகையில் எழுதிவிட்டார்கள். ஆர்ச்சி பெயருக்குக் கீழே மெர்வ் பெயர். நான் எழுதுகிற இதைப் படித்துவிட்டு அந்தப் பெயரை அழிப்பார்கள். அழிக்கட்டும்.

அடுத்த திங்கட்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் கோழிக் கூண்டு காலி. மெர்வ் கொல்லையில் குழி மூடிக்கொண்டிருந்தான்.

"நரி வந்துச்சு," என்றான்.

பட்டப்பகலில் நரியாம். கொட்டகையில் டாஃபியின் கடைவாயில் ஒரு பழுப்பு இறகு ஒட்டியிருந்தது. நானும் "ஆமா, நரிங்க தொல்லை இந்த வருஷம் ஜாஸ்தி" என்றேன். ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டை இல்லாமல் பண்ணினேன்.

நான்கு வயதில், ஒரு பந்தயத்தின் முதல் வளைவில், டாஃபியின் வலது பின்னங்காலில் கணுக்கால் எலும்பு போனது. இந்த நாய்களுக்கு உடைந்தால் பெரும்பாலும் அதுதான் உடையும். மெர்வ் அவனைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடந்தான். வைத்தியம் பண்ணி, ஆறு வாரம் அடைத்து வைத்து, நடக்க வைத்துவிட்டான். ஓட்டம் முடிந்தது. அதே வருஷம் மெர்வின் நுரையீரலும் முடிந்தது. முப்பத்தொரு வருஷக் கோதுமைத் தூசி. மூச்சு முட்டினால் போகப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேண்டும் என்று டாக்டர் சொல்ல, நிலத்தை விட்டுவிட்டு டவுனில் இரண்டு அறை வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே நாய் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. மற்ற மூன்று நாய்களையும் வேறு பழக்குபவர்கள் வாங்கிக்கொண்டார்கள். கால் உடைந்த டாஃபியை யார் வாங்குவார்கள்? ஊர்க் கோப்பை ஒன்று ஜெயித்த ஆண் நாயை இனவிருத்திக்கும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற நாய்களை வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கிற நிலையம் ஒன்று ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது. அங்கே சோதனை வைப்பார்கள். தேறினால் நாய்க்குப் பச்சைக் கழுத்துப்பட்டை. பச்சைப்பட்டை போட்ட நாய் வாய்க்கூடு இல்லாமல் தெருவில் நடக்கலாம், குழந்தை இருக்கும் வீட்டில் இருக்கலாம், யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே சோதனை பார்க்கிற பெண் பெயர் மெரடித். முப்பது வயது இருக்கும், முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். டாஃபி நான்கு வாரம் அங்கே இருந்தான்.

சோதனை நாளன்று எங்களையும் வரச் சொன்னாள். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்தாள், சும்மா இருந்தான். காலைப் பிடித்து இழுத்தாள், அவள் மேலேயே சாய்ந்தான். மெர்வ் என் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினான். அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு குட்டையான, வயசான, வெள்ளை நாயை நடத்திக்கொண்டு வந்தார்கள்.

டாஃபி குரைக்கவில்லை. அதுதான் பயம். உடம்பு முழுக்க விறைத்து, கண் அந்த வெள்ளை நாயின் மேலேயே நிலைத்து, பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. மெரடித் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மெர்வ் கூப்பிட்டான். அவனுக்குக் காது கேட்கவில்லை. பிறகு ஒரே பாய்ச்சல். கயிறு இழுத்ததில் மெரடித் முழங்கால் குத்தி விழுந்தாள்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தாள். டீ! நான் கோப்பையைத் தொடவில்லை.

"இது மூணாவது தடவ," என்றாள். "நாலு வாரத்துல கொஞ்சம்கூட மாறல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. இவனுக்கு எப்பவாவது உசிரோட எதையாவது குடுத்துப் பழக்கினாங்களா?"

மெர்வ் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் கேக்கறேன்னா, பொறவிக் குணம்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா கத்துக் குடுத்ததுன்னா, அத மறக்க வைக்க ஒரு எடம் இருக்கு. மாசக்கணக்குல ஆகும். அங்க இப்படிப் பழக்கின நாய மட்டும்தான் எடுப்பாங்க, அதுவும் பழக்கினோம்னு நீங்க எழுதிக் குடுத்தாதான். நான் உங்கள ஏமாத்த விரும்பல, எழுதினா அது மேல அதிகாரிங்ககிட்ட போகும். விசாரணை வரும். ஆனா இவனுக்கு இருக்கற ஒரே வழி அதான்."

"இல்லன்னா?" என்றேன் நான்.

"இல்லன்னா நீங்க திருப்பிக் கூட்டிட்டுப் போலாம். வச்சுக்க எடம் இல்லன்னு சொன்னீங்க. அப்போ டாக்டர் ஊசிதான்."

மெர்வ் மூச்சை இழுத்தான், அவன் நெஞ்சு விசிலடித்தது. நிமிர்ந்தான். "அது வந்தும்மா..." என்று ஆரம்பித்தான்.

நான் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். லேசாக இல்லை. என் செருப்புக் குதியால் அழுத்தி மிதித்தேன்.

"அதெல்லாம் எங்க வீட்ல கெடையாதும்மா," என்றேன். "சுத்தமா வளந்த நாய். ரத்தத்துலயே இருக்கு போல."

மெரடித் என்னைப் பார்க்கவே இல்லை. "மெர்வ்?" என்றாள்.

"அவ சொல்றதுதான்," என்றான் மெர்வ்.

எதைக் காப்பாற்ற மிதித்தேன்? சிறைக்குப் போவான், மூச்சு முட்டி அங்கேயே செத்துப்போவான் என்ற பயம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் கால் முன்னால் போனபோது என் மனதில் வந்தது சிறை இல்லை. பலகையில் ஒருத்தன் ஏணி போட்டு ஏறிப் பெயர் மேல் கறுப்பு அடிப்பதும், கீழே நிற்கிறவன்கள் சிரிப்பதும்தான். நாலு அங்குலத் தங்க எழுத்துக்காக மிதித்தேன். சீ, என்ன பிறவி நான்.

டாஃபியை வைத்துக்கொள்வார்களா என்று மெர்வ் மூன்று பேருக்குப் போன் பண்ணிக் கேட்டான். ஒருத்தருக்கும் இடம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு நாய் டாக்டர் வந்தார். மெர்வ் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு டப்பா மத்தி மீனைத் திறந்து கையாலேயே ஊட்டினான். டாஃபி மொத்தத்தையும் தின்றுவிட்டு, டப்பாவையும் நக்கிவிட்டு, முழுப் பாரத்தோடு அவன் மேல் சாய்ந்தான். ஊசி போட்டதும் சாய்ந்தபடியேதான் போனான். அதற்கப்புறமும் ரொம்ப நேரம் மெர்வ் எழுந்திருக்கவில்லை. மெரடித் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாத மாதிரி நடந்துகொண்டாள், அதற்கும் நான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். பாதி வழியில் மனசுக்குள் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

"மெர்வ், நான் மிதிக்காம இருந்திருந்தா நீ சொல்லியிருப்ப," என்றேன்.

"இல்ல," என்றான். "நீ மிதிச்சப்போ எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு நோல். நீ மிதிக்கணும்னுதான் இழுத்து இழுத்துப் பேசினேன்."

எனக்காகச் சொன்னானா, நிஜமாகவே அப்படித்தானா? இன்றுவரை தெரியவில்லை. நிஜமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்படி ஆசைப்படுவதே எவ்வளவு கேவலம் பாருங்கள், குற்றத்தில் பாதியைச் செத்தவன் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் சாப்பாடு நின்றுபோனது. தட்டில் இருப்பதை முள்கரண்டியால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளுவான். சூப்பு வைத்தேன், இரண்டு கரண்டி. முட்டைக்கோஸும் வேகவைத்த மாட்டிறைச்சியும் வைத்தேன், அப்படியே இருந்தது. மூன்று வாரத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. டாக்டர் நுரையீரல் என்றார். எனக்கு எது என்று தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடியே கேட்டான்: "நோல், அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் பண்றியா? பேர் சொல்லாத. சும்மா கேளு. அந்த எடத்துக்குப் போன நாய்ங்க நெசமாவே தேறுதான்னு."

"தெரிஞ்சு என்னய்யா ஆகப் போகுது?"

"கேளேன்."

எங்கள் நம்பர் தெரியக் கூடாதென்று பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கிருந்து பேசினேன். குரலை மாற்றிக்கொண்டு, தத்தெடுக்க யோசிக்கிறேன், இந்த மாதிரி நாய்கள் குணமாகுமா என்று கேட்டேன்.

"ஏழு நாய் அனுப்பியிருக்கோம்," என்றாள் மெரடித். "ரெண்டு தேறல. அஞ்சு இப்ப வீட்ல இருக்கு. ஒண்ணு பூனையோட ஒரே மெத்தைல தூங்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "நோலீன், நீங்கதானே?"

நான் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பதினான்கு அடி இருக்கும். அந்தப் பதினான்கு அடியை நான் எப்படி நடந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கதவைத் திறந்தபோது மெர்வ் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுகூடத் தேறலையாம்," என்றேன். "ஏழு அனுப்பினாங்களாம். ஏழுமே கடைசில ஊசிதானாம்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் தலையை ஆட்டினான், ஒரு தடவை, இரண்டு தடவை. தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின.

"அப்போ நான் சொல்லியிருந்தாலும் அதுதான்," என்றான்.

"எப்படியும் அதுதான்."

"பசிக்குது நோல். என்ன இருக்கு?"

ஆட்டு விலாத்துண்டு இரண்டு இருந்தது. பொரித்து, உருளைக்கிழங்கை மசித்து, முன்னால் வைத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டான், எலும்பைக் கையில் எடுத்துக் கடித்தான். தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சம் இல்லை. இன்னும் இருக்கா என்று கேட்டான். எனக்கு எடுத்து வைத்திருந்ததையும் அவன் தட்டில் போட்டேன்.